லொபாட்டமி: மனநோய்க்கு மூளையை அறுத்த வரலாறு

மூளையில் கட்டி, காயம், இரத்தக்கசிவு போன்ற குறைபாடு எதுவும் கண்டறியப்படாத நிலையில், ஒருவருடைய மனநிலையையோ நடத்தையையோ மாற்றும் நோக்கத்துடன் மட்டும் மூளையில் செய்யப்படும் அறுவை ‘உளநோய் அறுவை மருத்துவம்’ எனப்படும். இதில் உலகம் நன்கு அறிந்தது லொபாட்டமி. மூளையின் முன்பகுதியான நெற்றிமடலையும் உட்பகுதியையும் இணைக்கும் வெள்ளை நரம்பிழைகளைத் துண்டிப்பதே அந்த அறுவை. 1935இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் தொடங்கி, 1950களின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் இது பெருமளவில் செய்யப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 40,000 முதல் 50,000 பேருக்கும், பிரிட்டனில் ஏறத்தாழ 17,000 பேருக்கும் இந்த அறுவை நடந்திருக்கும் எனக் கணக்கிடப்படுகிறது. இதைத் தொடங்கிவைத்தவருக்கு 1949இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த வரலாற்றைச் சில கொடியவர்களின் கொடுஞ்செயல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பல நூல்களும் திரைப்படங்களும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் இதில் ஈடுபட்ட மருத்துவர்களில் பெரும்பாலோர் நோயாளிக்கு நன்மை செய்வதாகவே நம்பினார்கள். சில நோயாளிகளின் வேதனை குறைந்ததும் உண்மை. ஆகவே மாணவர்கள் இதைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அறுவை வெற்றி பெற்றது என்று சொன்னவர் யார்? எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்?

முதல் முயற்சி

சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டெல் ஏரிக்கரையில் இருந்த ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவர் காட்லீப் புர்க்கார்ட். இவர் 1888இல் தொடங்கி ஆறு நோயாளிகளின் மூளைப் புறணியிலிருந்து சிறு சிறு பகுதிகளை வெட்டி எடுத்தார். அவர் அறுவை மருத்துவர் அல்லர். இல்லாத குரல்கள் காதில் கேட்பதும் கட்டுக்கடங்காத ஆவேசமும் மூளையின் குறிப்பிட்ட இடங்களிலிருந்து எழுகின்றன என்றும், அந்த இடங்களை நீக்கினால் அவை அடங்கும் என்றும் அவர் எண்ணினார். அறுவைக்குப் பின் சில நாட்களிலேயே ஒருவர் வலிப்பு வந்து இறந்தார். இன்னொருவர் பின்னர் நீரில் மூழ்கி இறந்தார். அது தற்கொலையாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. சிலர் முன்பைவிட அமைதியாயினர். சிலரிடம் மாற்றமே இல்லை.

புர்க்கார்ட் இவற்றை ஒளிக்கவில்லை. 1890இல் பெர்லினில் நடந்த மருத்துவ மாநாட்டில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு விரிவாக எழுதியும் வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரை வரவேற்கவில்லை. கடுமையான கண்டனத்துக்குப் பின் அவர் அந்த வழியைக் கைவிட்டார். தம் தோல்விகளை உள்ளபடி எழுதியவர் ஒதுக்கப்பட்டார் என்பதும், அரை நூற்றாண்டுக்குப் பின் அவரைவிடக் குறைவான சான்றுகளுடன் வந்தவர் போற்றப்பட்டார் என்பதும் சிந்திக்கத்தக்கவை. இடையில் மாறியது மூளையைப் பற்றிய அறிவு மட்டுமன்று. மனநோய் மருத்துவமனைகளின் நிலையும் மாறியிருந்தது.

நிரம்பி வழிந்த காப்பகங்கள்

1930களின் பிற்பகுதியில் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். உள்ளே சென்றவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. படுக்கைகளுக்கு இடையே நடக்கவும் இடமில்லை. கூடத்துக்கு ஒரு பணியாளர் இருந்தாலே பெரிது. ஆவேசப்பட்டவர்களைக் கட்டிப்போட்டார்கள், ஈரத் துணியில் சுற்றிக் கிடத்தினார்கள். 1946இல் ‘லைஃப்’ இதழ் இத்தகைய மருத்துவமனைகளின் உட்புறப் படங்களை வெளியிட்டபோது அந்த நாடே அதிர்ந்தது. சுவரோரம் ஆடையின்றிக் குந்தியிருந்த மனிதர்களை அந்தப் படங்களில் காணலாம்.

மருந்து என்று சொல்லத்தக்கது எதுவும் அன்று இல்லை. கிடைத்த வழியை எல்லாம் மருத்துவர்கள் முயன்று பார்த்தார்கள். ஆஸ்திரிய மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக், மேகநோய் மூளையைத் தாக்கியவர்களுக்கு மலேரியாக் கிருமியைச் செலுத்திக் காய்ச்சல் வரவழைத்தார்; அதற்கு 1927இல் நோபல் பரிசு பெற்றார். மான்ஃபிரெட் சாகெல் இன்சுலின் கொடுத்து நினைவிழக்கச் செய்தார். லாடிஸ்லாஸ் மெடுனா வேதிப்பொருள் மூலம் வலிப்பை உண்டாக்கினார். 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் மின்னதிர்ச்சியைப் பயன்படுத்தினர். இந்தச் சூழலில்தான் மூளையை வெட்டுவது பலருக்கும் ஏற்கத்தக்க அடுத்த படியாகத் தோன்றியது. நோயாளி வாழ்நாள் முழுதும் அந்தக் கூடத்தில் கிடப்பார் என்பதே மாற்றுவழி என்றால், எந்த ஆபத்தும் சிறிதாகத்தான் தெரியும்.

இரண்டு குரங்குகளும் லிஸ்பன் மருத்துவரும்

1935 ஆகஸ்டில் லண்டனில் அனைத்துலக நரம்பியல் மாநாடு நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஃபுல்டனும் கார்லைல் ஜேக்கப்சனும் பெக்கி, லூசி என்ற இரு சிம்பன்சிகளைப் பற்றி அங்கே பேசினர். நினைவாற்றல் சோதனைகளில் தவறு செய்தால் பெக்கி தரையில் உருண்டு ஆர்ப்பாட்டம் செய்யும். நெற்றிமடல்களை நீக்கியபின் அது தவறுகளைப் பொருட்படுத்தவே இல்லை. லூசியின் கதை நேர்மாறானது. முன்பு அமைதியாக இருந்த அது அறுவைக்குப் பின் எரிச்சல்படத் தொடங்கியது. ஆய்வு குரங்குகளின் நினைவாற்றலைப் பற்றியது. மனநோய் சிகிச்சையைப் பற்றியது அன்று. ஆனால் பெக்கி புகழ்பெற்றது, லூசி மறக்கப்பட்டது.

அவையில் இருந்த எகாஸ் மோனிஸ், இதையே மனிதர்களிடம் செய்தால் என்ன என்று எழுந்து கேட்டதாக ஃபுல்டன் பிற்காலத்தில் எழுதினார். இந்த எண்ணம் தமக்கு முன்பே இருந்தது என்று மோனிஸ் கூறினார். மோனிஸ் சாதாரண மனிதர் அல்லர். போர்ச்சுகலின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். முதல் உலகப்போருக்குப் பின் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குத் தம் நாட்டுக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றவர். மூளையின் இரத்தக்குழாய்களை எக்ஸ்-கதிர்ப் படமாக எடுக்கும் முறையை 1927இல் உருவாக்கியவரும் அவரே. அந்த முறை இன்றும் உயிர்களைக் காக்கிறது. என் கருத்தில், நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

மனநோயாளியின் மூளையில் சில நரம்பிணைப்புகள் இறுகிப்போய் ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன, அந்த இணைப்புகளை வெட்டினால் எண்ணம் விடுபடும் என்பது மோனிஸின் கருதுகோள். இதற்குச் சோதனைச் சான்று எதையும் அவர் காட்டவில்லை. கீல்வாதத்தால் அவருடைய கைகள் முடங்கியிருந்ததால், பெத்ரோ அல்மெய்தா லிமா என்ற அறுவை மருத்துவரே கத்தியைப் பிடித்தார். 1935 நவம்பர் 12 அன்று, லிஸ்பன் மனநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து கொண்டுவரப்பட்ட 63 வயதுப் பெண்ணின் மண்டையோட்டில் துளையிட்டு வெள்ளை நரம்பிழைகளில் ஆல்கஹாலைச் செலுத்தினர். பிறகு கம்பி வளையம் பொருத்திய மெல்லிய கருவி ஒன்றை உருவாக்கினர். உள்ளே நுழைத்துச் சுழற்றினால் அந்த வளையம் நரம்பிழைகளை வெட்டும்.

முதல் இருபது பேரில் 7 பேர் குணமடைந்தனர், 7 பேர் தேறினர், 6 பேரிடம் மாற்றமில்லை என்று மோனிஸ் 1936இல் அறிவித்தார். உயிரிழப்பு இல்லை. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த நோயாளிகளில் பலர் அறுவைக்குப் பின் சில வாரங்களே கவனிக்கப்பட்டிருந்தனர். மேலும் குணமடைதல் என்று அவர் எழுதியது பெரும்பாலும் பதற்றமும் ஆவேசமும் அடங்கியதைத்தான். அவர்கள் திரும்பிச் சென்ற மருத்துவமனையின் மனநோய் மருத்துவர் சோப்ரல் சித் வேறொன்றைக் கண்டார். நோய் அப்படியே இருக்கிறது, ஆளுமைதான் குன்றிவிட்டது என்பது அவர் கருத்து. இனி நோயாளிகளை அனுப்ப மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நோயாளிகளை நாள்தோறும் அருகிலிருந்து பார்த்தவரின் இந்தக் குரல் லிஸ்பனுக்கு வெளியே அதிகம் கேட்கவில்லை. மோனிஸின் நூலோ ஓராண்டுக்குள் பல நாடுகளுக்குச் சென்றது.

வாஷிங்டனில்

அந்த நூலைப் படித்து உடனே செயலில் இறங்கியவர் வால்டர் ஃப்ரீமன். வாஷிங்டனில் நரம்பியல் பேராசிரியர். அறுவை மருத்துவப் பயிற்சி பெறாதவர். ஆகவே ஜேம்ஸ் வாட்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு 1936 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் முதல் அறுவையை நடத்தினார். கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த 63 வயதுப் பெண் அவர். தலைமுடியை மழித்துவிடுவார்களே என்று அஞ்சிக் கடைசி நேரத்தில் மறுத்தாராம். முடியைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். விழித்தெழுந்தபின் முடியைப் பற்றிய கவலையே அவருக்கு இல்லை என்று ஃப்ரீமன் பதிவு செய்தார். அதை அவர் வெற்றியின் அடையாளமாகவே எழுதினார். லொபாட்டமி என்ற பெயரும் இவர்கள் சூட்டியதே.

இந்த அறுவையின் பொதுவான விளைவை ஃப்ரீமனும் வாட்ஸும் மறைத்ததில்லை. கவலை போகும்; அதனுடன் முனைப்பும், எதிர்காலத்தைப் பற்றிய எண்ணமும், பிறர் மீதான அக்கறையும் போகக்கூடும். அறுவைக்குப் பின் நோயாளியைச் சிறிது காலம் குழந்தையைப் போல நடத்தி வளர்த்தெடுக்குமாறு குடும்பத்தாருக்கு அறிவுரை கூறினர். வலிப்பு, சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை, மூளையில் இரத்தக்கசிவு ஆகியவையும் நேர்ந்தன. வேலைக்குத் திரும்பியவர்களும், வீட்டைக் கவனித்துக்கொண்டவர்களும் உண்டு. நாளேடுகள் எழுதியது இவர்களைப் பற்றித்தான்.

1941 நவம்பரில் அறுவை செய்யப்பட்டவர் ரோஸ்மேரி கென்னடி. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தங்கை; அப்போது அவருக்கு வயது 23. சிறு வயது முதலே கற்பதில் பின்தங்கியிருந்தார். இருந்தாலும் நாட்குறிப்பு எழுதுவார், நடனமாடுவார், விருந்துகளுக்குச் செல்வார். வயது ஏற ஏறக் கோபமும் பிடிவாதமும் கூடின. இரவில் விடுதியிலிருந்து தனியாக வெளியேறினார். செல்வாக்கு மிக்க அந்தக் குடும்பத்துக்கு இதனால் அவப்பெயர் வருமோ என்று தந்தை ஜோசப் கென்னடி அஞ்சினார். தாய்க்குத் தெரிவிக்காமலே அறுவைக்கு ஏற்பாடு செய்தார். அறுவையின்போது ரோஸ்மேரி விழித்திருந்தார். ஃப்ரீமன் அவரைப் பேசவும் பாடவும் சொல்ல, வாட்ஸ் வெட்டிக்கொண்டே போனார். பேச்சு குழறத் தொடங்கியதும் நிறுத்தினார்கள் என்று வாட்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் கூறினார். அதன்பின் ரோஸ்மேரியால் சரியாக நடக்க முடியவில்லை. சில சொற்களே வாயில் வந்தன. 2005இல் இறக்கும்வரை காப்பகத்தில்தான் வாழ்ந்தார்.

ரோஸ்மேரிக்கு இதில் சம்மதமா என்று கேட்டதாகச் செய்தி எதுவும் இல்லை. அன்றைய நடைமுறையில் தந்தையின் சம்மதம் போதுமானதாக இருந்தது. அரசு மருத்துவமனையாக இருந்தால், பல இடங்களில் கண்காணிப்பாளரின் முடிவே போதும். அறுவை செய்யப்பட்டவர்களில் பெண்கள் ஆண்களைவிட அதிகம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் அடங்கி நடக்கும் பெண் குணமடைந்தவளாகக் கருதப்பட்ட காலம் அது.

பத்து நிமிட அறுவை

மண்டையோட்டில் துளையிடும் முறைக்கு அறுவை அரங்கும், மயக்க மருந்தும், தேர்ந்த கைகளும் வேண்டும். இவை எதுவும் இல்லாத அரசு மனநோய் மருத்துவமனைகளில்தான் நோயாளிகள் நிரம்பியிருந்தனர். இத்தாலிய மருத்துவர் ஃபியாம்பெர்த்தி 1937இல் கண்குழியின் வழியாக மூளையை அடையும் முறையைக் கண்டிருந்தார். ஃப்ரீமன் அதை எடுத்துக்கொண்டார். வீட்டுச் சமையலறையில் பனிக்கட்டி உடைக்க வைத்திருந்த கூரான ஊசியைக் கொண்டே பிணங்களில் பழகிப் பார்த்தார். 1946 ஜனவரியில் தம் அலுவலக அறையிலேயே முதல் நோயாளிக்குச் செய்தார். மின்னதிர்ச்சி கொடுத்து நினைவிழக்கச் செய்வது, இமையை உயர்த்திக் கண்விழிக்கு மேலே கருவியை வைப்பது, சிறு சுத்தியலால் தட்டி மெல்லிய எலும்பைத் துளைப்பது, பின் பக்கவாட்டில் அசைத்து நரம்பிழைகளை அறுப்பது. இவ்வளவுதான், பத்து நிமிட வேலை.

அறுவை மருத்துவர் இல்லாமல் மூளை அறுவை செய்வதை வாட்ஸ் ஏற்கவில்லை. இருவரும் பிரிந்தனர். ஃப்ரீமன் தம் காரில் மாநிலம் மாநிலமாகச் சென்றார். 1952இல் மேற்கு வர்ஜீனியாவின் மருத்துவமனைகளில் இரண்டு வாரங்களுக்குள் 228 பேருக்கு அறுவை செய்தார். தம் வாழ்நாளில் அவர் செய்தவை ஏறக்குறைய 3,500. அவர்களுள் குழந்தைகளும் உண்டு. 1960இல் ஹோவர்ட் டல்லி என்ற 12 வயதுச் சிறுவனுக்குச் செய்ததை, அந்தச் சிறுவன் பெரியவரான பின் தம் நூலில் எழுதியிருக்கிறார். சிற்றன்னைக்கு அவனைப் பிடிக்கவில்லை. தூங்கப் போக மறுக்கிறான், பகற்கனவு காண்கிறான் என்பவை போன்ற முறையீடுகளை ஃப்ரீமன் குறித்துக்கொண்டார். நாற்பதாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்த எனக்கு, அந்தப் பட்டியலில் என் வகுப்பில் இல்லாத குறை ஒன்றுகூடத் தென்படவில்லை.

ஃப்ரீமனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதுமையில் அவர் தம் பழைய நோயாளிகளைத் தேடி நாடெங்கும் வண்டியோட்டிச் சென்றார். அவர்கள் எழுதிய கடிதங்களைச் சேர்த்து வைத்தார். அவர்களைப் பற்றி அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அறுவை செய்யாமல் விடப்பட்ட அதே போன்ற நோயாளிகளுடன் முறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை அவர் நடத்தவே இல்லை. 1967இல் பெர்க்லியில் அவர் அறுவை செய்த பெண் ஒருவர் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அதுவே அவருடைய கடைசி அறுவை.

நோபல் பரிசும் ஒரு சிறுகதைத் தொகுப்பும்

1949ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மோனிஸுக்கும் சுவிஸ் அறிஞர் வால்டர் ஹெஸ்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு வந்த பின் அறுவைகள் மேலும் பெருகின. எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. சோவியத் ஒன்றியம் 1950இல் இந்த அறுவையை மனித நேயத்துக்கு மாறானது என்று கூறித் தடை செய்தது. அந்நாடே பின்னர் அரசியல் எதிர்ப்பாளர்களை மனநோயாளிகள் என்று அடைத்து வைத்தது என்பது வேறு கதை. நாஜி மருத்துவர்களின் வழக்கை அடுத்து வெளிவந்த நியூரம்பெர்க் நெறிமுறை, சோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று 1947லேயே கூறிவிட்டது. மனநோய் மருத்துவமனைகள் அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதே காலத்தில் நியூசிலாந்தில் ஜேனட் ஃபிரேம் என்ற இளம்பெண் மனச்சிதைவு நோயாளி என்று முடிவு செய்யப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளில் இருந்தார். மின்னதிர்ச்சி சிகிச்சை பலமுறை கொடுக்கப்பட்டது. அடுத்தது மூளை அறுவை என்று தீர்மானித்தனர்; தாயிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அறுவை நடக்கவிருந்த நிலையில், அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்கு இலக்கியப் பரிசு கிடைத்த செய்தி நாளேட்டில் வந்தது. கண்காணிப்பாளர் அதைப் படித்தார், அறுவை நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் அவரைச் சோதித்த மருத்துவர்கள், அவருக்கு மனச்சிதைவு நோய் இருந்ததே இல்லை என்றனர். பின்னாளில் அவர் நியூசிலாந்தின் தலைசிறந்த எழுத்தாளராகப் போற்றப்பட்டார். அதே கூடத்தில் அவருடன் இருந்து, கதை எழுதாததால் அறுவைக்குச் சென்ற பெண்களைப் பற்றியும் அவர் எழுதினார். அவர்களை எண்ணிப் பார்த்தால்தான் இந்த நிகழ்ச்சியின் முழுப் பொருள் விளங்கும்.

மருந்து வந்தது

1952இல் பாரிஸில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1954இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் லொபாட்டமி விரைவாகக் குறைந்தது. அறநெறிக் கண்டனங்கள் செய்யாததை ஒரு மாத்திரை செய்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி தீரவில்லை. அதே அமைதியை மருந்தால் உண்டாக்கலாம் என்பதால்தான் பல மருத்துவமனைகள் அறுவையை விட்டன.

பெங்களூரும் சென்னையும்

இந்தியாவும் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. பெங்களூர் மனநோய் மருத்துவமனையின் எம்.வி. கோவிந்தசாமியும் அறுவை மருத்துவர் பாலகிருஷ்ண ராவும் இந்திய நோயாளிகளுக்குச் செய்த நெற்றிமடல் அறுவை பற்றி 1944இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் எழுதினர்.

சென்னையின் பங்கு வேறு வகையானது. சீர்காழியில் பிறந்து, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் பா. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா முதலானோரும் 1960களிலிருந்து, மண்டையோட்டில் பொருத்திய சட்டகத்தின் துணையால் மூளையின் மிகச் சிறிய இடத்தைத் துல்லியமாக அடையும் முறையைக் கையாண்டனர். ஜப்பானில் நரபயாஷி, சானோ ஆகியோர் காட்டிய வழி அது. கட்டுக்கடங்காத ஆவேசமும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் உடையவர்களுக்கு, அச்சம், சினம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் சிறு புண் உண்டாக்கப்பட்டது. அவர்களில் பலர் குழந்தைகள். வலிப்போ பிறவியிலேயே மூளைப் பாதிப்போ உடையவர்கள் அதிகம். ஃப்ரீமனின் ஊசியோடு இதை ஒன்றாகப் பேசக்கூடாது. இவர்கள் தேர்ந்த அறுவை மருத்துவர்கள். தம் முடிவுகளை ஆண்டுகள் பல தொடர்ந்து வெளியிட்டவர்கள். பிள்ளையைத் தூணில் கட்டிவைப்பதைத் தவிர வேறு வழி தெரியாத பெற்றோர்கள்தாம் அங்கே வந்தார்கள்.

ஆயினும் அக்குழுவினர் இதற்கு வைத்த பெயர் ‘அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை’. முடிவுகளைத் தரம் பிரித்த அவர்களது அளவுகோல், நோயாளி எவ்வளவு அடங்கியிருக்கிறார், மருந்துடனோ மருந்தின்றியோ சமாளிக்க முடிகிறதா என்பவற்றையே முதன்மையாகக் கொண்டிருந்தது. 1970களில் மேலைநாட்டு விமரிசகர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். கவனித்துக்கொள்பவரின் சுமை குறைவது சிறிய நன்மை அன்று. வீட்டில் அப்படியொரு பிள்ளையை வளர்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்த நன்மை நோயாளிக்குக் கிடைத்ததாகக் கணக்கில் எழுதப்படும்போது, அவருக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதைத் தனியாகக் கேட்க ஓர் ஏடு இல்லாமல் போகிறது. பேச இயலாத குழந்தையிடம் அதைக் கேட்பதும் எளிதன்று.

டெட்ராயிட் வழக்கு

ஒப்புதல் பற்றிய மிக முக்கியமான தீர்ப்பு 1973 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வந்தது. இளம் வயதில் கொலைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, விசாரணையே இன்றிப் பாலியல் மனநோயாளி என்ற சட்டத்தின் கீழ் 17 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர் ஒருவர். வன்முறையை அடக்க அமிக்டலா அறுவை உதவுமா என்று டெட்ராயிட்டில் தொடங்கப்பட்ட ஆய்வுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். விளக்கம் சொல்லப்பட்டது, படிவத்தில் அவரே கையெழுத்திட்டார், பெற்றோரும் ஒப்பினர், நிபுணர் குழுவும் அனுமதித்தது. லொபாட்டமி காலத்தில் இல்லாத எல்லாமே இங்கே இருந்தன. செய்தி அறிந்த கைமோவிட்ஸ் என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் சென்றார்.

விருப்பத்துக்கு மாறாக அடைக்கப்பட்டிருப்பவர், இத்தகைய ஆபத்தான சோதனை அறுவைக்குச் செல்லத்தக்க ஒப்புதலை அளிக்க இயலாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒப்புதலுக்குத் தகுதி, அறிவு, சுயவிருப்பம் என்ற மூன்றும் வேண்டும் என்றும், நீண்ட காலம் அடைபட்டு எல்லாவற்றுக்கும் அதிகாரிகளையே நம்பியிருப்பவரிடம் மூன்றாவது இருக்காது என்றும் விளக்கினர். அவர் அடைக்கப்பட்டதே சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவாகி, விடுதலை உறுதியானது. அதன்பின் அவர் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்த வழக்கைப் படித்தபின், அமெரிக்க அரசு அமைத்த தேசிய ஆணையம் 1977இல் தந்த அறிக்கையையும் படிக்க வேண்டும். உளநோய் அறுவையை முற்றிலும் தடை செய்ய வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. ஆணையம் ஏற்பாடு செய்த ஆய்வுகளிலோ, அப்போது நடந்துவந்த புதிய, நுண்ணிய அறுவைகளைச் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தனர். எதிர்பார்த்ததற்கு மாறாக வந்த அந்த முடிவை ஆணையம் மறைக்கவில்லை. தடை வேண்டாம், கடுமையான பாதுகாப்புகள் வேண்டும் என்றது. பழைய கொடுமையை மட்டும் நினைத்து எல்லா மூளை அறுவையையும் ஒரே தட்டில் வைப்பவர்களுக்கு இந்த அறிக்கை சங்கடம் தரும். எனினும் அதை விட்டுவிட்டு இவ்வரலாற்றை எழுதுவது முறையாகாது.

இன்றைய நிலை

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 96ஆம் பிரிவின்படி, மனநோய்க்காக மூளை அறுவை செய்ய வேண்டுமானால் அறுவைக்கு உட்படுபவரே விவரம் அறிந்து அளிக்கும் ஒப்புதலும், மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதாது. தந்தை, கணவர், பாதுகாவலர் ஆகியோரின் கையெழுத்து நோயாளியின் கையெழுத்துக்கு ஈடாகாது. பிரிட்டனில் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியின் ஒப்புதலோடு வெளியார் சான்றையும் கட்டாயமாக்கியது. சீனாவில் போதைப் பழக்கத்தை விடுவிப்பதற்கென்று 2000களில் பரவிய மூளை அறுவைகளை அந்நாட்டு சுகாதார அமைச்சகம் 2004இல் நிறுத்தியது. நார்வே நாடு லொபாட்டமி செய்யப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க 1996இல் சட்டம் இயற்றியது.

இப்போது மூளையை வெட்டாமல், மெல்லிய மின்முனையை உள்ளே பதித்து மின்துடிப்பு கொடுக்கும் முறை வந்துள்ளது. மார்பில் பொருத்தும் சிறு கருவி அதை இயக்கும். பார்க்கின்சன் நடுக்கத்துக்குப் பயன்பட்ட இம்முறையை, பெல்ஜியத்தில் பார்ட் நுட்டின் குழுவினர் 1999இல் எண்ணச் சுழற்சி நோய்க்குப் பயன்படுத்தினர். ஒரே செயலை நாளெல்லாம் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் இந்நோய், மருந்துக்கும் பயிற்சிக்கும் கட்டுப்படாத நிலையில், அமெரிக்காவில் 2009 முதல் இதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதி உள்ளது. கடுமையான மனச்சோர்வுக்கும் சோதனைகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பயன் இல்லையென்றால் மின்துடிப்பை நிறுத்திவிடலாம் என்பது, நரம்பிழைகளை நிலையாக அறுப்பதிலிருந்து இதை வேறுபடுத்துகிறது.

ஆனால் இதிலும் பழைய கேள்வி வேறு வடிவில் வருகிறது. சோதனை முடிந்து, ஆய்வுக்கான பணமும் முடிந்தபின், கருவியால் நன்மை அடைந்த நோயாளி அதை வைத்துக்கொள்ள விரும்பினால் என்ன செய்வது? பல கருவிகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலத்தை மாற்ற மீண்டும் அறுவை தேவை. அந்தச் செலவு தயாரித்த நிறுவனத்துடையதா, மருத்துவமனையுடையதா, நோயாளியுடையதா என்பது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று மருத்துவ அறநெறியாளர்கள் வலியுறுத்தி வருகின்றனர்.